வாசல் நட்சத்திரமும் பொங்கல் பானையும்: வேலூர்–ஆம்பூர் வட்டாரக் கிறிஸ்தவரின் பண்டிகை வழக்கங்கள்

மார்கழி பிறந்ததும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏறிவிடும். மூங்கில் குச்சிகளை ஐந்து முனையாகக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு மாட்டுவது வழக்கம். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்று வாரத்தில் பொங்கல் வருகிறது. இவ்விரு பண்டிகைகளின் வழக்கங்களில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதில் திருச்சபைகளின் நிலைப்பாடு காலந்தோறும் மாறியது. அந்த மாற்றத்தில் ஒரு முரண் தெரிகிறது: கடல் கடந்து வந்த வழக்கம் எளிதில் நுழைந்தது, உள்ளூர் வழக்கமே நெடுங்காலம் சோதனைக்கு உள்ளானது.

கேள்வி பழையது. பழைய கோயில்களை இடிக்காமல் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தவும், மக்களின் விழாக்களைக் கிறிஸ்தவ விழாக்களாக மாற்றவும் 601இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி இங்கிலாந்துப் பணியாளர்களுக்கு எழுதினார். அதே இங்கிலாந்தில் 1647இல் தூய்மைவாதிகள் செல்வாக்குப் பெற்ற நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618–19இல் கூடிய சீர்திருத்தச் சபை மாமன்றமோ பண்டிகையைத் தக்கவைத்தது. வேதம் கட்டளையிடாததும் தடுக்காததுமான காரியங்களில் சபைக்கு உரிமை உண்டு என்று லுத்தரன்கள் 1577இலேயே வரையறுத்திருந்தனர்.

தமிழகத்தில் இக்கேள்வியை முதலில் ஆழமாக எதிர்கொண்டவர் மதுரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி. பொங்கலை விலக்காமல், சிலுவை நட்டு அதன் அடியில் புத்தரிசி பொங்க அவர் இடமளித்தார். பின்னர் 1704இல் புதுச்சேரியில் வெளியான ஆணையும், 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்டின் ஆணையும் இத்தகைய தழுவல்கள் பலவற்றைக் கட்டுப்படுத்தின.

தோல் தொழில் நிறைந்த இந்த வேலூர்–ஆம்பூர் வட்டாரத்துக்கு வந்த புராட்டஸ்டண்ட் சபைகள் இரண்டு மரபுகளைக் கொணர்ந்தன. டச்சு வழிவந்த அமெரிக்கத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். மிசூரி லுத்தரன் மிஷன் 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூருக்குப் பரவியது. இரண்டும் கிறிஸ்துமஸை ஏற்ற மரபுகள். எனவே ஜெர்மனியில் தோன்றிய கிறிஸ்துமஸ் மரமும், மொராவிய சபைப் பள்ளிகளில் பிறந்த நட்சத்திர விளக்கும் காலப்போக்கில் இங்கே இயல்பாக வேரூன்றின.

பொங்கலுக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. சூரிய வழிபாட்டோடு பிணைந்தது என்பதே பொதுவான ஆட்சேபம். விளைச்சலுக்கு நன்றி சொல்லச் சபைகள் அறுப்பின் பண்டிகையை வளர்த்தன. நெல் மூட்டை, பூசணி, வாழைத்தார், சேவல் எனக் காணிக்கையாக வருபவை ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்தில் ஏலம் போகும். பொங்கலைப் போலவே பறைக்கும் ஆலயத்தில் பொதுவாக இடமிருக்கவில்லை. தெய்வ வழிபாட்டோடும் சாதி இழிவோடும் அதை இணைத்துப் பார்த்தனர். தோலைப் பதப்படுத்தி வாழும் வட்டாரத்திலும் தோற்கருவி ஆலயத்துக்கு வெளியே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நிலை தளர்ந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகளும் அதில் இணைந்தன. 1952இல் வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் அமைந்தது. இந்தியப் பண்பாட்டுக் கூறுகளைத் திருப்பலியில் சேர்க்க 1969இல் ரோம் இசைந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். தமிழகக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இன்று ஆலய முற்றத்திலேயே பொங்கல் பொங்குகிறது.

மறுப்பும் நீடிக்கிறது. பிரதரன், பெந்தெகொஸ்தே குழுக்கள் சில, கிறிஸ்து பிறந்த தேதியை வேதம் கூறவில்லை என்றும், மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதை எரேமியா 10ஆம் அதிகாரம் கண்டிக்கிறது என்றும் வாதிடுகின்றன. பழைய மிஷன்கள் பொங்கலிடம் மட்டும் கேட்ட கேள்வியை, இக்குழுக்கள் கிறிஸ்துமஸ் மரத்திடமும் கேட்கின்றன.