காலை 7.15க்கு வரும் அழைப்பு: பாடசாலை வாசலில் கைத்தொலைபேசியும் வாகனமும்

பாடசாலை தொடங்குவது காலை 7.30க்கு. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் ஏ9 வீதியிலும் பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியிலும் இரு கரையும் வெள்ளைச் சீருடையால் நிறைந்துவிடும். அந்த நேரம் கனடாவின் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு. அங்கே கோடைகாலமென்றால் ஒன்பதரை மணி தாண்டியிருக்கும், குளிர்காலமென்றால் எட்டரை தாண்டியிருக்கும். வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக ஊருக்குக் கதைக்கும் நேரம் அது. இங்கே அதே நேரத்தில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் தாயின் கைப்பையிலோ தந்தையின் சட்டைப்பையிலோ கைத்தொலைபேசி அடிக்கிறது.

பலர் எடுக்கிறார்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் கைத்தொலைபேசியைச் செருகிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு கதைக்கிறார்கள். இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிட முடியாது. மாதக்கணக்கில் ஒரு செய்தியும் வராமல் காத்திருந்த சனங்கள் நாங்கள். இன்று பிள்ளையை விட வரும் பெற்றோரில் பலர் 2009இல் பதுங்குகுழிக்குள் இருந்த சிறுவர்கள். அழைப்பு வந்தால் யாருக்கு என்னவோ என்ற பதற்றம், எடுக்காவிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கும் அதே பதற்றம். ஆனால் பதற்றத்தில் எடுத்தாலும் பொழுதுபோக்காக எடுத்தாலும் வாகனம் ஓடும் தூரம் ஒன்றுதான்.

அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். யார் அழைக்கிறார்கள் என்று திரையைப் பார்க்க இரண்டு செக்கன் போதும். அதற்குள் 28 மீற்றர் போய்விடும். ஏறக்குறைய ஒரு வலைப்பந்தாட்ட முற்றத்தின் நீளம் அது. 70 கிலோமீற்றர் வேகமென்றால் ஒவ்வொரு செக்கனுக்கும் கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பிட்ச் அளவு தூரம், வீதியைப் பார்க்காமலே கடந்துபோகிறது. அதன்பிறகுதான் கண் நிமிர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க இன்னொரு செக்கன் வேண்டும். பிடித்தாலும் வாகனம் உடனே நிற்பதில்லை.

கையில் பிடிக்காமல் இயர்போனில் கதைத்தால் பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கை விடுபடுகிறது, மனம் விடுபடுவதில்லை. கதையில் ஆழ்ந்திருப்பவரின் கண் வீதியில் இருந்தாலும், கண்டது மூளைக்குப் போய்ச் சேரப் பிந்துகிறது. கைத்தொலைபேசி பாவித்தபடி ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காத கருவிகள் பெரிதாகப் பாதுகாப்பானவை அல்ல என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. காணி வழக்கு, காசு அனுப்புவது, அம்மாவின் வருத்தம் என்று போகும் எங்கள் வெளிநாட்டு அழைப்புகள் சும்மா சுகம் விசாரிக்கிற கதையும் அல்ல.

எதிரே வரும் பிள்ளையோ ஒரு சின்ன வளர்ந்த ஆள் இல்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு, வரும் வாகனம் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சரியாக மதிப்பிடும் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது. வாகனம் தெரிகிறது, எனவே வாகனமும் தன்னைக் காணும் என்று அது நம்புகிறது. நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் திடீரென வெளிப்படும். கூட்டாளி அந்தக் கரையில் கூப்பிட்டால் ஓடும். நிறுத்தியிருக்கும் வானுக்குப் பின்னால் நின்றால் அதன் தலைகூடச் சாரதிக்குத் தெரியாது. பிள்ளை விடும் பிழையைச் சரிசெய்ய வேண்டியவர் சாரதிதான். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பிழையைத் திருத்த ஒருவருமே இல்லை.

யுத்த காலத்தில் இந்த வீதிகள் குன்றும் குழியுமாகக் கிடந்தன, வேகமாக ஓட நினைத்தாலும் முடியாது. பிறகு காப்பெற் வீதி வந்தது. கொழும்பு – யாழ்ப்பாணம் சொகுசு பஸ்ஸும் மணல் ஏற்றும் டிப்பரும், சைக்கிளில் சோடியாகப் போகும் பிள்ளைகளும் ஒரே தாரில் ஓடுகிறார்கள். வீதி மாறிய அளவுக்குப் பாடசாலை வாசல்கள் மாறவில்லை. பல இடங்களில் படலையைத் திறந்தால் நேரே நெடுஞ்சாலைதான். குடிமனைப் பகுதியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வேக எல்லை 50 கிலோமீற்றர். பாடசாலைச் சூழலில் 30 போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதால் 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம், காயத்தோடு தப்புவதா இல்லையா என்ற வித்தியாசமாகிவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் பஸ்ஸிலும் டிப்பரிலும் போடுவது எங்களுக்கு வசதியான வேலை. வாசலில் நெரிசலை உண்டாக்குவது பெற்றோராகிய நாங்களும்தான். பிள்ளையை இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பியபடியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறக்கிறோம். மஞ்சள் கடவையின் மேலேயே ஓட்டோவை நிறுத்துகிறோம். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம். பொலிஸார் ஹெல்மெட்டையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்கும் கவனத்தில் பாதியையாவது காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் காட்டினால் நல்லது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. புறப்படும் முன் கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி, கைக்கு எட்டாத பைக்குள் போடலாம். அவசரமாக எடுக்கத்தான் வேண்டுமென்றால், வாசலுக்கு 100 மீற்றர் முன்போ பின்போ வீதியை விட்டு இறங்கி நின்று கதைக்கலாம். முறிகண்டிப் பிள்ளையாருக்காக எவ்வளவு அவசரப் பயணத்திலும் வாகனத்தை நிறுத்தி இறங்கும் வழக்கம் உள்ள வீதி இது. நிறுத்துவது எங்களுக்குப் புதிதல்ல. இப்போதைய திறன்பேசிகள் பலவற்றில் வாகனம் ஓட்டும்போது அழைப்பவருக்குத் தானாகவே பதில் அனுப்பும் வசதியும் இருக்கிறது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ரொறன்ரோவிலிருந்து எடுப்பவர் கோடையில் இரவு பத்தரைக்குப் பிறகும் குளிர்காலத்தில் ஒன்பதரைக்குப் பிறகும் எடுத்தால் இங்கே காலை எட்டு தாண்டியிருக்கும். பாடசாலை விடும் பகல் 1.30 என்பது இலண்டனில் கோடைகாலத்தில் காலை ஒன்பது மணி, குளிர்காலத்தில் எட்டு. வேலைக்குப் போகும் வழியில் ஊருக்குக் கதைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த அரை மணித்தியாலத்தைத் தள்ளிப்போடலாம். “பிள்ளைய விட்டிட்டு நானே எடுக்கிறன்” என்று ஒருதரம் சொல்லிவைத்தால், எடுக்காத அழைப்புக்காக அங்கே யாரும் பதறவும் தேவையில்லை.