சரிந்த தண்டும் பீப்பா உருளையும்

கைத்தொழிற் புரட்சி எண்டாலே எங்களுக்கு நீராவி எஞ்சினும் ஜேம்ஸ் வாட்டும்தான் ஞாபகம் வரும். பாடப்புத்தகம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. எஞ்சின் சுழற்றியதை எது தாங்கிச்சுது எண்டு நாங்கள் கேட்பதேயில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். சுவீடனின் கோதன்பர்க் நகரில் காம்லஸ்ராடன் நெசவாலை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டர் கிடையாது. மேலே ஓடும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து பெல்ட் வழியாகத்தான் எல்லாவற்றுக்கும் சுழற்சி போகும். ஆலை நின்றதோ களிமண் நிலத்தில். நிலம் அசையக் கட்டடம் அசையும், தண்டு நேர் தவறும், பெயாரிங் சூடேறிப் பழுதாகும், வேலை நிற்கும். இதையெல்லாம் பார்க்கவேண்டியவர் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற இளம் பொறியியலாளர். நிலத்தை அவரால் திருத்த முடியாதுதானே. தண்டு சரிந்தால் கூடவே சரிந்துகொடுக்கும் போல் பெயாரிங் ஒன்றை 1907இல் உருவாக்கினார். வெளிவளையத்தின் உட்புறம் கோளத்தின் ஒரு துண்டைப் போல வளைந்திருக்கும். இரண்டு வரிசை உருண்டைகளும் உள்வளையமும் அதற்குள் சாயலாம். எஸ்.கே.எஃப் நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். (வொல்வோ என்ற பெயரும் முதலில் இவர்கள் பெயாரிங்குக்காகப் பதிந்து வைத்தது. இலத்தீனில் ‘நான் உருள்கிறேன்’.)

உருண்டை வளையத்தைத் தொடுவது ஒரு புள்ளியில். பாரம் கூடினால் தாங்காது. அங்கே வேலை செய்த ஆர்விட் பாம்கிரென் 1919இல் உருண்டைகளுக்குப் பதிலாக நடு பருத்த பீப்பா வடிவ உருளைகளை வைத்தார். புள்ளியாகத் தொட்டது இப்போது கோடாகத் தொட்டது. சாய்ந்துகொடுக்கும் குணமும் போகவில்லை. இதுதான் ஸ்பெரிக்கல் றோலர் பெயாரிங். கல் உடைக்கும் இயந்திரம், கடதாசி ஆலை, உருக்காலை, இப்போது காற்றாலையின் பிரதான தண்டு வரைக்கும் இருக்கிறது. ஒரு பாகை சரிவு அதற்குப் பெரிய விசயமில்லை. வாட்டின் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய சாதனை எண்டுதான் நாங்கள் சொல்லுவோம்.

பெயாரிங்கின் பெறுமதி இராணுவங்களுக்கு நன்றாக விளங்கியிருந்தது. 1943 ஒக்டோபர் 14இல் அமெரிக்க விமானங்கள் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துப் பெயாரிங் தொழிற்சாலைகளைத் தாக்கின. அன்று மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்கள் இழக்கப்பட்டன. கீழே, எஸ்.கே.எஃப்பின் ஜேர்மன் துணை நிறுவனத்துத் தொழிற்சாலைகளும் இலக்காக இருந்தன. அந்த நகரத்துத் தொழிற்சாலைகளில் கட்டாயத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நடுநிலை எண்டு சொன்ன சுவீடனிலிருந்து பிரித்தானியாவுக்கும் பெயாரிங் போனது, ஜேர்மனிக்கும் போனது. நேச நாடுகள் 1944இல் கடுமையாக நெருக்கிய பிறகுதான் ஜேர்மனிக்குப் போவது குறைந்தது.