வேட்டைக் குறிப்புகளும் வரலாறும்: வன்னிக் காடு முதல் ஆபிரிக்கா வரை

ஈழத்தின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் வேட்டையாளரின் நினைவுக் குறிப்புகளைச் சான்றாகக் கொள்வது அரிது. தற்பெருமை மிகுந்தவை என அவை ஒதுக்கப்படுகின்றன. ஆயினும், காடும் காட்டு விலங்கும் யாருடைய உடைமை எனும் வினாவுக்கு அவை அறியாமலே விடை தருகின்றன.

கொக்குவில் போன்ற செறிந்த பயிர்ச்செய்கை ஊர்களைக் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் யானைக் காடு இல்லை. எனினும் அதன் வாணிபத்துக்கு யானை அந்நியமானதன்று. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் வந்த வழியே ஆனையிறவு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னிமைகளிடம் யானைகளைத் திறையாகப் பெற்று, கோல்கொண்டா, சோழமண்டலக் கரை வணிகருக்கு விற்றனர். அவை ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. அன்று யானை அரசின் வருவாய்ப் பண்டம். உயிரோடிருந்தால் மட்டுமே அதற்கு விலை உண்டு.

பிரித்தானியர் காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. யானையைக் கொல்வோருக்கு அரசாங்கம் சன்மானம் வழங்கியது. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாக எமேர்சன் ரெனன்ற் 1859 இல் எழுதினார். 1845 இல் அப்புத்தளையில் இடி தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனவும் அவர் குறிப்பிடுகிறார். இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிகச் சில. ஆகவே தந்த வாணிபம் இக்கொலைகளை விளக்காது.

இக்காலத்தின் குரலாக ஒலிப்பவர் சாமுவேல் பேக்கர். 1846 இல் இலங்கைக்கு வந்து, பின்னர் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த இவர், 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்' எனும் பொருள்படும் ஆங்கில நூலை 1854 இல் வெளியிட்டார். அதிற் குறிபார்ப்பதும் வெல்வதும் 'நான்' எனும் ஒருவரே. தோற்கயிற்றால் யானையைப் பிணிக்கும் முஸ்லிம் வேட்டையாளரின் திறனை அவர் மறைக்கவில்லை. எனினும் அவர்களின் உழைப்பு துணைநிலையிலேயே நிற்கிறது; புகழ் துப்பாக்கிக்குரியதாகிறது.

இதே நோக்கு ஆபிரிக்காவுக்கும் சென்றது. 1861 இல் நைல் நதிவழிப் பயணத்தைத் தொடங்கிய பேக்கர், அபிசீனிய எல்லையில் வாளால் யானையை வீழ்த்தும் ஹம்ரான் அரபு வேட்டையாளரைக் கண்டு வியந்தார். 1864 இல் அல்பேட் ஏரியை அடைந்தார். 1869 இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் அவரை மேல் நைல் பிரதேசத்துக்குப் படையுடன் ஆளுநராக அனுப்பினார். இலங்கைக் காட்டில் வேட்டையாளராய் நின்றவர், ஆபிரிக்காவில் ஆட்சியாளரானார். பொழுதுபோக்கு வேட்டை எத்துணை அண்மையில் அதிகாரத்துடன் நின்றது என்பதை இவ்வொரு வாழ்வே காட்டும்.

விலங்குகள் அருகியபோது பாதுகாப்பு எனும் கோட்பாடு எழுந்தது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1900 இல் யால காடு ஒதுக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதி இலங்கையில் வதியும் 'வேட்டைக் கனவான்களுக்கு' உரியதாயிற்று. அனுமதிச்சீட்டுப் பெற்றவர் வேட்டையாளர். பெறாத காட்டோரக் கிராமத்தவர் கள்ள வேட்டைக்காரர். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்பை விரிவாக்கியது. அதன் தேவையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அழிவின் பழி எவர்மீது சுமத்தப்பட்டது என்பதும் நோக்கற்பாலது.

எனவே வேட்டைக் குறிப்புகளைச் சாகசக் கதைகளாக மட்டும் வாசித்தல் போதாது. சுட்டவரின் பெயர் நூலில் நிலைத்தது. தடம் காட்டியவர், சுமை தூக்கியவர், காட்டை உரிமையோடு நாடியவர் ஆகியோரின் பெயர்கள் மறைந்தன. அவர்களையும் தேடிக் காண்பதே வன்னியின் வரலாற்றை எழுத முனைவோரின் கடமையாகும்.