விளையாட்டுப் பெட்டி இரவில் செய்த வேலை

போன மாத வாலிபர் கூட்டத்தில் கேள்விப் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. "இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற கேமிங் கம்பியூட்டரால் விளையாடுகிறவனைத் தவிர வேறு யாருக்காவது பிரயோசனம் உண்டா?" எழுதியது பிள்ளையா பெற்றோரா என்று போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் ஓர் அம்மாவுடையது போலத்தான் தெரிந்தது. அன்றைக்கு நேரம் போதவில்லை. கேள்வி நல்ல கேள்வி என்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம். பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் அது இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு.

அந்த வரலாறு விளையாட்டில் தொடங்கவில்லை. 1990களின் கடைசியில் வட அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கம்பியூட்டர் வந்துவிட்டது. ஆனால் நாளின் பெரும்பகுதி அது சும்மாவே இருந்தது. ஆள் எழுந்துபோனால் திரையில் மீன் நீந்தும், குழாய்கள் வளரும். எங்கள் வயதுக்காரருக்கு அந்த ஸ்கிரீன் சேவர்கள் ஞாபகம் இருக்கும். 1996 இல் ஜோர்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர், மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்கு இந்தச் சும்மா கிடக்கும் நேரத்தைப் பொதுமக்களிடம் கேட்டார். கொடுத்தார்கள். 1999 மே 17 அன்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதைவிடப் பெரிய ஒன்றைத் தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி வானத்திலிருந்து பிடித்த இரைச்சலைச் சிறு துண்டுகளாக நறுக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஸ்கிரீன் சேவர் ஓடுகிற நேரத்தில் கம்பியூட்டர் அந்தத் துண்டை அலசி, வேற்றுக்கிரகத்தார் அனுப்பிய செய்தி ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்கும். பெயர் செட்டி அட் ஹோம். காலப்போக்கில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். வேற்றுக்கிரகத்தார் அகப்படவில்லை. ஆனால் முன்பின் தெரியாத மக்கள் கூலியில்லாமல் இப்படி வேலை செய்வார்கள் என்பது தெரியவந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. யார் எவ்வளவு வேலை முடித்தார்கள் என்று பட்டியல் போட்டதும் சிலர் ஏமாற்றத் தொடங்கினார்கள். பரிசும் இல்லை, பணமும் இல்லை. பட்டியலில் மேலே வரவேண்டும் என்பதற்காகவே வேலையைச் செய்யாமல் செய்ததாகக் காட்டினார்கள். அதனால் ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டி வந்தது. இலவசமாகக் கிடைத்ததையும் எண்ணிச் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஜோர்ஜியா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் கம்பியூட்டர்களைப் பராமரித்த ஒருவர், கல்லூரிக் கம்பியூட்டர்களில் இப்படியான ஒரு தன்னார்வ மென்பொருளைக் கேட்காமல் போட்டுவிட்டார். நல்ல காரியம்தானே என்று நினைத்திருக்கலாம். நான்கு இலட்சம் டொலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி அவர்மேல் குற்றவியல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2002 இல் அபராதத்தோடும் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடும் அது முடிந்தது. தண்டனை கூடத்தான். ஆனாலும் கம்பியூட்டர் அவருடையது இல்லையே.

இனி விளையாட்டுக்காரரிடம் வருவோம். 2000 ஒக்டோபரில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே என்ற வேதியியல் பேராசிரியர் ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கினார். கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இவர் இளமையில் நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை செய்தவர். 1991 இல் வந்த "ரிங்ஸ் ஆஃப் பவர்" விளையாட்டில் இவருடைய கையும் உண்டு. "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" செய்த அதே நாட்டி டாக்தான்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி புரதங்களைப் பற்றியது. நம் உடலில் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதங்களே. ஒவ்வொன்றும் மணிகள் கோத்த நூல் போல உருவாகி, பிறகு தானாகவே மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வருகிறது. வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். மடிப்புப் பிழைத்த புரதங்கள் சேர்ந்து கட்டிகளாவதை அல்சைமர் போன்ற நோய்களில் காண்கிறோம். இந்த மடிதலைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வோர் அணுவும் மற்ற அணுக்களை எப்படி இழுக்கிறது, தள்ளுகிறது என்று படிபடியாகக் கணக்கிட வேண்டும். ஒரு படி என்பது ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் துண்டில் ஒன்றோ இரண்டோ. விரைவாக மடியும் சின்னப் புரதம் ஒன்று விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் மடிகிறது என்று வையுங்கள். அதற்கே ஏறக்குறைய 500 கோடி படிகள் வேண்டும். தனியொரு கம்பியூட்டர் இதைச் செய்துமுடிக்கும் என்று அந்நாளில் காத்திருக்க முடியாது.

பாண்டேயின் குழு வேறு வழி பார்த்தது. ஒரே ஆள் மலையின் அடியிலிருந்து உச்சிவரை ஏற வேண்டியதில்லை. ஆயிரம் பேரை மலையின் ஆயிரம் இடங்களில் இறக்கிவிட்டு, ஒவ்வொருவரும் கொஞ்சத் தூரம் நடந்து தாம் கண்ட பாதையை வரைந்து தரட்டும். வரைபடங்களைப் பொருத்திப் பார்த்தால் முழுப் பாதையும் தெரியும். ஒரு நீண்ட கணக்குக்குப் பதிலாகப் பல ஆயிரம் குறுங்கணக்குகள். வீட்டுக் கம்பியூட்டர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

விளையாட்டு உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். ஒரு கேம் ஓடும்போது திரையில் 20 இலட்சம் புள்ளிகள் இருந்தால், அத்தனைக்கும் விநாடிக்கு 60 தடவை நிறம் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்னக் கணக்கு; ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. அதற்காகவே கிராபிக்ஸ் கார்டுகள் பெரும் எண்ணிக்கையில் சிறு கணக்குப்பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்காரவைக்கும் விதமாக வளர்ந்தன. அணுக்களின் இழுபறிக் கணக்கும் இதே சாதிதான். 2006 ஒக்டோபரில் ஃபோல்டிங் அட் ஹோம் ஏடிஐ நிறுவனத்தின் விளையாட்டுக் கார்டுகளில் ஓடத் தொடங்கியது. அந்தக் கார்டுகளை அந்த வேகத்துக்கு வளர்த்த காசு அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் அல்ல. பெரும்பகுதி, நல்ல படத்தோடு விளையாட ஆசைப்பட்ட பிள்ளைகளின் பணம். சீட்டு எழுதிய அம்மா இதைக் கவனிக்க வேண்டும்.

2007 மார்ச்சில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 பெட்டியில் இந்தத் திட்டத்தைச் சேர்த்தது. விளையாடி முடித்துப் படுக்கப் போகிறபோது அதை ஓடவிட்டால், திரையில் ஒரு புரதம் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். உலக உருண்டையில் மற்றப் பங்காளிகள் இருக்கும் இடங்களில் சிறு விளக்குகள் எரியும். அதே வருடம் செப்டெம்பரில் மொத்த வேகம் ஒரு பெட்டாஃப்ளொப்பைத் தாண்டியது. விநாடிக்கு ஆயிரம் இலட்சம் கோடிக் கணக்குகள் என்று பொருள். கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. சூப்பர் கம்பியூட்டர் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அடுத்த வருடம், 2008 இல். லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் அந்த ரோட்ரன்னர், அமெரிக்காவின் அணுவாயுதங்கள் சம்பந்தமான கணக்குகளுக்காகக் கட்டப்பட்டது. அதன் உள்ளே இருந்தது பிளேஸ்டேஷன் 3 இன் செல் சில்லுக்கு நெருங்கிய உறவுக்காரச் சில்லு. ஒரே குடும்பத்துச் சில்லு ஓரிடத்தில் அணுகுண்டுக் கணக்கும், பிள்ளைகளின் படுக்கையறையில் அல்சைமர் கணக்கும் பார்த்திருக்கிறது.

2012 நவம்பரில் சோனி இதை நிறுத்தியபோது, ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் சேர்ந்து பத்துக் கோடி மணித்தியாலத்துக்கு மேல் கொடுத்ததாகச் சொன்னது. வகுத்துப் பார்த்தோம். ஆளுக்குச் சராசரி ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். ஓர் இரவுத் தூக்கத்தின் அளவு! ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு விட்டவர்கள் பெருங்கூட்டமாகவும், மாதக்கணக்கில் ஓடவிட்டவர்கள் சிறு கூட்டமாகவும் இருந்திருக்க வேண்டும். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இதற்குள் "மிச்சம்" என்ற சொல்லின் பொருளும் மாறிவிட்டது. பழைய கம்பியூட்டர் சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. செட்டி கேட்டது உண்மையிலேயே மிச்சம். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 3 இந்த வேலையைச் செய்யும்போது 200 வாட் அளவு இழுத்தது. இன்றைய பெரிய கார்டுகள் சும்மா இருக்கையில் கொஞ்சமாகவும், முழுமூச்சில் ஓடுகையில் 300 வாட்டும் அதற்கு மேலும் எடுக்கின்றன. 2009 இல் பிட்கொயின் வந்த பிறகு அதே கார்டால் காசு உழைக்கவும் முடிந்தது. ஆகவே அதன்பின் புரதத்துக்குக் கார்டைக் கொடுத்தவர்கள், தாம் எவ்வளவு காசை விடுகிறோம் என்று சதக்கணக்கில் தெரிந்தே கொடுத்தார்கள். 2020 இன் தொடக்கத்தில் ஃபோல்டிங் அட் ஹோமில் ஏறக்குறைய 30,000 கருவிகளே ஓடிக்கொண்டிருந்தன. காசுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டோம்.

அப்போது திட்டத்தை நடத்தியவர் பாண்டேயின் மாணவராக இருந்த கிரெக் போமன். சிறுவயதிலேயே கண்நோயால் பார்வையில் பெரும்பகுதியை இழந்தவர். 2020 பெப்ரவரி கடைசியில் அவர் குழு கொரோனா வைரஸின் புரதங்களைக் கையில் எடுத்தது. மார்ச் 13 அன்று என்விடியா நிறுவனம் கம்பியூட்டரில் விளையாடுகிறவர்களைப் பார்த்து, உங்கள் கார்டுகளை இதற்குக் கொடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டது. பள்ளிக்கூடமும் வேலையும் பூட்டி, எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம். வந்தார்கள், இலட்சக்கணக்கில்.

வந்தவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லை! துண்டுகளைத் தயாரித்து அனுப்பும் சேர்வர்கள் 30,000 கருவிகளுக்கு அமைந்தவை. பெருவெள்ளம் வந்ததும் திணறின. நல்ல கார்டை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் மணித்தியாலக்கணக்கில் "வேலைக்காகக் காத்திருக்கிறது" என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கோபித்தார்கள், பலர் பொறுத்தார்கள். பெரிய நிறுவனங்கள் சேர்வர்களைத் தந்து உதவின, குழுவினர் இரவுபகலாகத் துண்டுகளைத் தயாரித்தார்கள். இந்த வரலாற்றில் எங்களுக்கு அதிகம் பிடித்த கட்டம் இதுதான். கொடுக்கும் மனம் பெருகிய வேகத்துக்கு, அதைப் பயன்படும் வேலையாக்கும் கைகள் அங்கே பெருகியிருக்கவில்லை.

மார்ச் முடிவதற்குள் மொத்த வேகம் ஓர் எக்ஸாஃப்ளொப்பைத் தாண்டியது: ஒன்றுக்குப் பின் 18 சுழியம், அத்தனை கணக்குகள் ஒரு விநாடியில். அன்றைக்கு உலகில் முதலிடத்தில் இருந்த சம்மிட் சூப்பர் கம்பியூட்டரின் உச்ச வேகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஒப்பீட்டை முழுதாக நம்பவும் வேண்டாம். சூப்பர் கம்பியூட்டரின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வேலை செய்யும், வீட்டுக் கம்பியூட்டர்கள் தனித்தனியே செய்யும். எல்லாக் கணக்குக்கும் அது உதவாது. இந்தக் கணக்குக்கு உதவியது. கருவிகள் பத்து இலட்சத்தைக் கடந்தன. செட்டி அட் ஹோம் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தியதும் அந்த மார்ச் 31 அன்றுதான்.

கிடைத்தது என்ன? வைரஸின் மேல் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதம், உடலின் கலத்தைப் பிடிக்கும் பகுதியை மடித்து மறைத்து வைத்திருக்கிறது. பிடிப்பதற்குத் திறக்க வேண்டும். ஆய்வுகூடப் படங்களில் தெரிந்ததைவிட அது எவ்வளவோ அகலமாகத் திறக்கிறது என்பதை இந்தக் கணக்குகள் காட்டின. மருந்து போய் உட்காரக்கூடிய, சாதாரணப் படங்களில் தெரியாத பள்ளங்கள் பல புரதங்களில் தென்பட்டன. 2021 இல் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வெளியானது. அந்த ஆய்வுக்காக எல்லாக் கருவிகளும் சேர்ந்து கணக்கிட்ட புரத அசைவின் மொத்த நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரம்! கோவிட் மூன்ஷொட் என்ற இன்னொரு முயற்சியில், பல நாட்டு வேதியியலாளர்கள் காப்புரிமை கேட்காமல் மருந்து வடிவங்களை அனுப்ப, எது வைரஸின் புரதத்தில் நன்றாக ஒட்டும் என்று மதிப்பிட இந்தக் கார்டுகள் உதவின. அதன் முடிவுகள் 2023 இல் சயன்ஸ் இதழில் வந்தன, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதிலிருந்து மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை இன்னும் வரவில்லை.

2024 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டுக்குப் போனது. அப்படியானால் இனி இது எதற்கு என்று கேட்கலாம். ஆல்ஃபாஃபோல்டு தருவது பெரும்பாலும் நின்ற நிலைப் படம். ஸ்பைக் எப்படித் திறக்கிறது என்பது போன்ற அசைவுகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. போமனின் குழு இப்போது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடர்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஐபிஎம் 2004 இல் தொடங்கிய வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற இதேவகைத் திட்டம், 2021 இல் ரொறன்ரோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அது ரொறன்ரோ வெஸ்ரேர்ன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது. பெற்றோருக்கு மொழிபெயர்க்கவென்று நம்மில் பலர் கூடப்போய்க் காத்திருந்த அதே ஆஸ்பத்திரி. புற்றுநோயின் அடையாளங்களைத் தேடும் கணக்கு அங்கிருந்து வீடுகளுக்குப் போகிறது. இங்கே இதைச் செய்கிறவர்களில் சிலர் கோடையில் நிறுத்திவிட்டுப் பனிக்காலத்தில் மட்டும் ஓடவிடுகிறார்கள், அறையும் சூடாகிறது. ஒன்டாரியோவில் மணிக்கு மணி விலை மாறும் மின்திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரவு 7 மணிக்குப் பிறகு மின்சாரம் மலிவு. போட விரும்புகிற தம்பி தங்கைகள், பள்ளிக்கூட லப்டொப்பிலும் வேலையிடத்துக் கம்பியூட்டரிலும் போடாதீர்கள். வீட்டிலும் மின்கட்டணம் கட்டுகிறவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.