கருவிழி: நிறமற்ற படலத்துக்கு ஒரு கறுப்புப் பெயர்

சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசுத் தொழிலாளர் பேச்சில் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைதான். “கண்ணுல மருந்து பட்டுருச்சு” என்று ஒருவர் அலறினால், பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீரைத் தேடி ஓடுவார்கள். அடுத்து மருத்துவமனையில் அவர் காதில் விழும் சொல் ‘கருவிழி’. கருவிழியில் காயம், கருவிழிப் புண், நிலைமை முற்றினால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. மருத்துவர் குறிப்பது கண்ணின் முன்படலமான கார்னியாவை. கார்னியாவோ கண்ணாடிபோல் நிறமற்றது. அதற்கு இந்தக் கறுப்புப் பெயர் எப்படி ஒட்டியது?

பாடநூல் மரபு இதற்குத் தரும் விடை அதன் கலைச்சொற்களிலேயே இருக்கிறது. கார்னியாவுக்கு அது வைத்த பெயர் ‘விழிவெண்படலம்’. ‘கருவிழி’யை ஓரடுக்கு உள்ளே தள்ளி, ‘கருவிழிப்படலம்’ என்று ஐரிசுக்குக் கொடுத்துவிட்டது. ஐரிசில் நிறமி உண்டு, நம் ஊர்க் கண்களில் அது கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும், ஆகவே கருவிழி என்பது ஐரிசுதான் என்பது இதன் தருக்கம். இதை ஏற்றால் மருத்துவமனை வழக்கு வெறும் பிழையாகிவிடும். இக்கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது.

முதலில் ‘வெண்படலம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணில் வெண்மையாக இருப்பது ஸ்கிளிரா. நலமான கார்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். கண்ணின் ஒளிவிலகல் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. இந்த வேலை நடக்க அது தெளிவாக இருந்தாக வேண்டும். கார்னியா வெண்மையாகத் தெரிவது அது இயல்பு கெடும்போதுதான்: தழும்பேறிப் ‘பூ விழுந்த’ கண்ணில், ஃபார்மலின் புட்டியில் ஊறிய கண்ணில். ‘விழிவெண்படலம்’ ஆய்வுக்கூடப் புட்டியைப் பார்த்து வைத்த பெயரோ என்று ஐயுற இடமுண்டு. இதற்கு நேர்ச் சான்று இல்லை. ஆனால் நிறத்தைக் காட்டிக் ‘கருவிழி’யைத் தள்ளும் மரபு, தானே நிறத்தில் தவறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. இலத்தீனிலும் ‘கார்னியா’ கொம்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல்தான். அங்கும் யாரும் நேர்ப்பொருளைக் கொண்டு அதை விலக்கவில்லை.

நூல் வழக்கு மட்டுமே சொல்லை நிலைநாட்டிவிடாது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கி 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வெளியிட்டார். பெருமுயற்சி அது. ஆனாலும் உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய ‘அங்காதிபாதம்’ இன்று யார் வாயிலும் இல்லை.

மக்கள் வழக்கில் ‘கருவிழி’ எதைக் குறித்தது என்பதற்கு, சிவகாசியும் சாத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு பொருட்சான்று இருக்கிறது. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில், கண்நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் செலுத்தும் கண்மலர் அது. மெல்லிய தகட்டில் அச்சடித்த இணைக்கண்கள்: இமையின் வளைகோடு, அதற்குள் வெண்பகுதி, நடுவே ஒரு வட்டம். கார்னியாவுக்கோ ஐரிசுக்கோ அதில் தனிக்கோடு இல்லை. அச்சு வெட்டிய தட்டார் கண்ணை இரண்டாகவே பிரித்திருக்கிறார், வெள்ளை விழி, கருவிழி என்று. இந்த நேர்த்திக்கடன் எந்த நூற்றாண்டில் தொடங்கியது என்று அறுதியிட முடியவில்லை; அச்சுகள் தேயத் தேயப் புதிதாக வெட்டப்படுபவை. வடிவம் மட்டும் நிலைத்திருக்கிறது.

அந்த வட்டத்தின் விளிம்பு எது? இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குமிடம், கார்னியா முடிந்து ஸ்கிளிரா தொடங்கும் இடம். ஐரிசின் வெளி விளிம்பு அதற்குப் பின்னால் மறைந்திருப்பதால் நேராகக் கண்ணில் படுவதில்லை. ஆகவே தட்டார் வரைந்த வட்டம் அளவில் கார்னியாவின் வட்டமே. ‘கருவிழி’ அந்த வட்டத்துக்குள் தெரியும் முழுப் பரப்பின் பெயர். அதன் முகப்பில் இருக்கும் படலத்தை மருத்துவர் அதே பெயரால் சுட்டுவது பொருள் சுருங்கியதாகுமே தவிரப் பிழையாகாது. தட்டாருக்கு உடற்கூறு தெரிந்திருந்தது என்று இதற்குப் பொருளில்லை. அவர் கண்ணைக் கூர்ந்து பார்த்திருக்கிறார், அவ்வளவே.

குறளும் இங்கே உதவுகிறது. 1123ஆம் குறளில் காதலன், தன் கருமணிக்குள் இருக்கும் பாவையை வெளியேறச் சொல்கிறான். காதலிக்கு அங்கே இடம் வேண்டுமாம். எதிரே நிற்பவரின் சிற்றுருவம் கண்ணில் தெரிவதைக் கண்டு எழுந்த பெயர் ‘பாவை’. வடமொழியிலும் இலத்தீனிலும் கண்மணிக்கு இப்படியே சிறுமி, சிறுபொம்மை என்று பெயர் உண்டு. கடன் வாங்கியதென்று சொல்வதைவிட, மூன்று மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டார்கள் என்பதே பொருந்தும். அந்த உருவத்தைக் காட்டும் ஆடி கார்னியாவின் முன்பரப்பு. உருவம் தெரிவது மேலே, பெயர் பெற்றது உள்ளே இருக்கும் கருமணி. பழைய வழக்கிலேயே முகப்பும் உட்பகுதியும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன.

எல்லா வழக்கையும் இப்படி உடற்கூற்றோடு பொருத்திவிடக் கூடாது என்பதற்கு, தவறி மோதுபவரைப் பார்த்து “கண்ணு என்ன பொடதியிலயா (பிடரியிலா) இருக்கு?” என்று கேட்கும் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. பார்வை நரம்பு கொண்டுசேர்க்கும் செய்தியை உருவமாக்கும் பெருமூளைப் பகுதி பிடரிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரஷ்ய–ஜப்பானியப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து, அப்பகுதியின் வரைபடத்தை 1909இல் வெளியிட்டவர் தட்சுஜி இனோயே. இந்த வழக்கை உடற்கூற்று அறிவென்று காட்ட யாரும் முயலக் கூடாது. கண்மலர் வட்டத்துக்கு இருக்கும் பொருத்தம் இதற்கு இல்லை.

‘கருவிழி’யின் பொருள் கார்னியாவாகச் சுருங்கிய காலத்தை ஊகமாகவே சொல்ல முடியும். எட்வர்ட் சிர்ம் 1905இல் முதல் வெற்றிகரமான கார்னியா மாற்றைச் செய்தார். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கி அமைந்தது. 1948இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கார்னியா மாற்றைச் செய்தார். முழுக் கண்ணும் மாற்றப்படுவதில்லை, முன்படலம் மட்டுமே என்று இறந்தவரின் வீட்டாருக்கு விளக்க ஒரு சொல் தேவைப்பட்டது. ‘கருவிழி’ இந்தப் பொருளில் வேரூன்றியது அதற்குப் பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில் என்று கொள்ளலாம். அதற்கு முன்பே மருத்துவர்கள் வாய்மொழியாக வழங்கியிருக்கவும் கூடும்.