குளத்துச் சேற்றில் குட்டி சோலார் பேனல்! ஊதா பாக்டீரியா வெளிச்சத்தைப் பிடிப்பது எப்படி?

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் குளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் மேலே பச்சை படரும். அடியில் கருப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. அந்த வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. அளவு கூடினால் மீன்கள் செத்து மிதக்கும்.

ஆக்சிஜனே இல்லாத இந்த மாதிரி இடத்தில், கொஞ்சம் வெளிச்சம் எட்டினாலே ஒளிச்சேர்க்கை செய்பவை ஊதா கந்தக பாக்டீரியாக்கள். இவை அந்த நச்சு வாயுவில் இருந்தே எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும். வாயுவும் குறையும். இறால் குட்டைகளில் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா கரைசல் விடுவது இதனால்தான்.

நிறமிக்கு என்ன வேலை?

செடிக்குப் பச்சையம் மாதிரி, இதற்கு பாக்டீரியோகுளோரோபில். மேலே இருக்கும் பாசி விட்டுவைத்த, நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கூட இது பிடிக்கும். கூடவே இருக்கும் கரோட்டினாய்டு, அதிக ஒளியால் செல் கெடாமல் காக்கும். நிறைய நிறமிகள் ஆன்டெனா போல ஒளியைப் பிடித்து, 'வினை மையம்' என்ற புரதத்துக்குக் கைமாற்றும்.

எலக்ட்ரான் எப்படி ஓடுது?

1. வினை மையத்தில் ஜோடியாக நிற்கும் பாக்டீரியோகுளோரோபில், ஆற்றல் கிடைத்ததும் ஒரு எலக்ட்ரானை விடும்.

2. சுமார் 3 பிக்கோ நொடியில் அது பாக்டீரியோஃபியோஃபைட்டின் நிறமிக்குப் போய்விடும். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் 1 பிக்கோ நொடி!

3. அடுத்த 200 பிக்கோ நொடியில் முதல் குயினோன், பிறகு இரண்டாம் குயினோன்.

4. இரண்டு எலக்ட்ரான் சேர்ந்ததும் இரண்டாம் குயினோன் புரோட்டான்களோடு கழன்று போகும். இந்த ஓட்டத்தில் சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் குவியும். அவை திரும்பப் பாயும்போது செல்லின் எரிபொருளான ஏடிபி தயாராகும். எலக்ட்ரான் சைட்டோகுரோம் வழியாக மறுபடியும் அந்த ஜோடிக்கே வரும்.

ஏன் பின்னாடி திரும்பல?

பாதி வழியில் எலக்ட்ரான் திரும்பினால் பிடித்த ஒளி வீண். ஆனால் இரண்டாவது கட்டத்தில் இருந்து திரும்ப 10 நானோ நொடிக்கு மேல் ஆகும். முன்னே போவது அதைவிட சுமார் 50 மடங்கு வேகம். அதனால் பிடித்த ஒளித்துகள் கிட்டத்தட்ட எதுவுமே வீணாவதில்லை.

நோபல் வாங்கித் தந்த பாக்டீரியா

இந்த வினை மையத்தின் அமைப்பை அணு அணுவாகக் காட்டிய யோகான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர், ஹார்ட்மட் மிச்செல் மூவருக்கும் 1988-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

நம்ம வயலில்?

நெல் வயலில் இருக்கும் நீலப்பச்சைப்பாசியும் பாக்டீரியாதான். ஆனால் அது தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரான் எடுக்கும். மிச்சமாக வெளியே வருவதுதான் ஆக்சிஜன். இந்த இனத்தைப் பற்றி சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய 'சயனோஃபைட்டா' ஆய்வாளர்களின் முக்கியக் கையேடு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பச்சைப்பாசிக்கென தேசிய மையமே இருக்கிறது.