இறம்பொடையிற் பிறந்த இசைக்குயில்

1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், முதலாவது சிங்களப் பேசும்படமாகிய 'கடவுணு பொரொந்துவ' கொழும்பில் திரையிடப்பட்டது. அதன் கதாநாயகியாக நடித்துத் தம் சொந்தக் குரலிலேயே பாடியவர் ருக்மணி தேவி. சிங்கள மக்கள் அவரைத் தம் குயிலெனக் கொண்டாடினர்.

ஆயின், 1923இல் மலைநாட்டு இறம்பொடையில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பதாகும். கொழும்புச் செட்டி மரபிலே வந்த கிறித்தவக் குடும்பம் அவருடையது.

அவர் நடித்த அப்படமும் பலர் கூடி ஆக்கியதே. கதை, பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றியது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், நெறிப்படுத்தியவர் வங்காளத்தவர், படப்பிடிப்பு நிகழ்ந்ததோ தென்னிந்தியாவில். ஒன்பது ஆண்டுகளின் பின், 1956இல், மொழி இந்நாட்டின் பெரும் வழக்காயிற்று. சிங்களத் திரையின் முதற் கதாநாயகி இராசம்மா என்ற பெயருடன் பிறந்தவர் என்பதை அவ்வழக்காடியோருள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனரோ!

பிற்காலத்தில் இசைமேடைகளிற் பாடி வந்தார். 1978 ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் மோட்டார் விபத்தொன்றில் உயிர் நீத்தார். நீர்கொழும்பில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. குரலோ இன்றும் வானொலியில் ஒலிக்கின்றது. அதனைக் கேட்டு உருகுவோர் பாடியவரின் குலத்தை வினவுவதில்லை.